டிஸ்க்கை நண்பனுக்குக் கொடுப்பது எப்படி? சோனி எடுத்த பாடம், மைக்ரோசாஃப்ட் பட்ட பாடு!

2013 ஜூன் மாதம் யூடியூபில் ஒரு வீடியோ வெளியானது. அரை நிமிடம்கூட ஓடாது. பிளேஸ்டேஷன் 4-ல் ஒரு கேமை இன்னொருவருக்குக் கொடுப்பது எப்படி என்று செய்து காட்டும் வீடியோ அது. ஒருவர் டிஸ்க் பெட்டியை நீட்டுகிறார். பக்கத்தில் நிற்பவர் வாங்கிக்கொண்டு நன்றி சொல்கிறார். முடிந்தது. நடித்த இருவருமே சோனி நிறுவனத்தின் பெரிய தலைகள்: ஷுஹே யோஷிடா, ஆடம் பாய்ஸ்.

இதைப் பார்த்து உலகம் முழுக்க இருந்த கேமர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். காரணம் புரிய, சில வாரங்கள் பின்னால் போக வேண்டும்.

அந்த ஆண்டு மே 21 அன்று, அமெரிக்காவின் ரெட்மண்டில் மைக்ரோசாஃப்ட் தன் புதிய எக்ஸ்பாக்ஸ் ஒன் கன்சோலை அறிமுகம் செய்தது. மேடையில் கேம்களைவிட டி.வி பற்றிய பேச்சுதான் அதிகம். குரலால் சேனல் மாற்றலாம், மேட்ச் பார்த்துக்கொண்டே நண்பருடன் பேசலாம் என்று அடுக்கினார்கள். வீட்டு ஹாலில் ரிமோட் இருக்கும் இடத்தைத் தாங்கள் பிடிக்க வேண்டும் என்பது அவர்கள் ஆசை. ஆசையில் தப்பில்லை. கூடவே வந்த நிபந்தனைகளில்தான் வினை இருந்தது.

ஜூன் 6 அன்று அவற்றை மைக்ரோசாஃப்ட் விவரமாக வெளியிட்டது. கன்சோல் 24 மணி நேரத்துக்கு ஒருமுறையாவது இன்டர்நெட்டில் தலைகாட்ட வேண்டும். இல்லையென்றால் காசு கொடுத்து வாங்கிய கேமும் ஓடாது. நண்பர் வீட்டு கன்சோலில் உங்கள் கணக்கில் நுழைந்து விளையாடினால் அந்தக் கெடு ஒரு மணி நேரம்தான். டிஸ்க் என்பது கேமை ஒருமுறை ஏற்றுவதற்கு மட்டும். அதன்பின் கேம் உங்கள் கணக்கோடு கட்டிப்போடப்படும். பழைய கேமைக் கடையில் கொடுத்துக் காசாக்கலாமா என்பதை அதை வெளியிட்ட நிறுவனம் முடிவு செய்யும். நண்பருக்கு இனாமாகக் கொடுக்கலாம்தான். ஆனால், அவர் உங்கள் நண்பர் பட்டியலில் குறைந்தது 30 நாள்களாவது இருந்திருக்க வேண்டும். அதுவும் ஒரே ஒருமுறைதான் கொடுக்க முடியும். கல்யாணத்துக்குப் பெண் பார்ப்பவர்கள்கூட இவ்வளவு விசாரிக்க மாட்டார்கள்!

அமெரிக்காவில் ஒரு புது கேமின் விலை அப்போது 60 டாலர். மாணவர்கள் ஆடி முடித்ததைக் கேம்ஸ்டாப் போன்ற கடைகளில் கொடுத்து, அந்தக் காசோடு கொஞ்சம் சேர்த்து அடுத்ததை வாங்குவார்கள். இந்த இரண்டாம் விற்பனையில் கேமை உருவாக்கியவர்களுக்கு ஒரு காசும் போவதில்லை. அவர்களுக்கு அந்த ஆதங்கம் நியாயமானதே. அதற்காக, வாங்கியவர் தன் பொருளைத் தன் இஷ்டத்துக்குக் கைமாற்றும் உரிமையிலேயே கைவைத்தால்?

போதாக்குறைக்கு கினெக்ட். கேமராவும் மைக்கும் சேர்ந்த இந்தக் கருவியைக் கூடவே வாங்கியாக வேண்டும். அதைச் செருகாமல் கன்சோல் இயங்காது என்றார்கள். அமெரிக்க உளவு அமைப்பின் பிரிசம் திட்டம் பத்திரிகைகளில் வெளியானதும் அதே ஜூன் 6-ல்தான். அதில் அடிபட்ட கம்பெனிகளில் மைக்ரோசாஃப்ட்டும் ஒன்று. ஹாலில் எப்போதும் விழித்திருக்கும் கேமரா என்றதும் ஜனங்கள் மிரண்டதில் ஆச்சர்யம் என்ன?

ஜூன் 10, லாஸ் ஏஞ்சலஸில் இ3 கண்காட்சி. காலையில் மைக்ரோசாஃப்ட் விலையைச் சொன்னது: 499 டாலர். மாலையில் சோனி மேடையில் ஜாக் டிரெட்டன் ஏறினார். பழைய கேம்களுக்குத் தடை இல்லை என்றார். அரங்கம் அதிர்ந்தது. இன்டர்நெட் கட்டாயம் இல்லை என்றார். மறுபடி அதிர்ந்தது. பிறகு விலை வந்தது: 399 டாலர். சோனி புதிதாக எதையும் கொடுத்துவிடவில்லை. ஏற்கெனவே இருந்ததைப் பிடுங்காமல் விட்டதற்குத்தான் அத்தனை கைதட்டல்!

எரிகிற தீயில் எண்ணெய் ஊற்றினார் எக்ஸ்பாக்ஸ் தலைவர் டான் மேட்ரிக். இன்டர்நெட் வசதி இல்லாதவர்களுக்கென்று எங்களிடம் ஒரு பொருள் இருக்கிறது, அதன் பெயர் எக்ஸ்பாக்ஸ் 360 என்று ஒரு பேட்டியில் சொன்னார். எட்டு ஆண்டுப் பழைய மாடல் அது. எக்ஸ்பாக்ஸ் ஒன் முதலில் விற்பனைக்கு வருவதாக இருந்த 21 நாடுகளின் பட்டியலில் இந்தியாவே இல்லை என்பது தனிக்கதை. போலந்தும் இல்லை, மைக்ரோசாஃப்ட் தன் மேடையிலேயே காட்டிப் பெருமைப்பட்ட விட்சர் 3 கேம் உருவானது அந்த நாட்டின் வார்சாவில்தான்.

விலை கூடிய பெட்டி வேகமாகவாவது இருந்ததா? அதுவும் இல்லை. இரண்டிலும் ஏ.எம்.டி நிறுவனத்தின் ஒரே குடும்பத்துச் சிப்தான். இரண்டிலும் 8 ஜிபி நினைவகம். ஆனால், சோனி போட்டது கிராபிக்ஸ் கார்டுகளில் வரும் வேகமான ஜி.டி.டி.ஆர்.5. மைக்ரோசாஃப்ட் போட்டது சாதாரண கம்ப்யூட்டர்களில் இருக்கும் டி.டி.ஆர்.3. அந்த வேகக் குறையை ஈடுகட்ட 32 எம்பி அளவில் ஒரு சின்ன அதிவேக நினைவகத்தைச் சிப்புக்குள்ளேயே வைத்தார்கள். அது இடத்தை அடைத்துக்கொண்டது. கடைசியில் கிராபிக்ஸ் பிரிவுகள் பிளேஸ்டேஷனில் 18, எக்ஸ்பாக்ஸில் 12. கால் ஆஃப் டியூட்டி: கோஸ்ட்ஸ் கேம் ஒன்றில் 1080பி தெளிவில் ஓடியது, இன்னொன்றில் 720பி-தான். குறைந்த காசுக்குக் கூடுதல் தெளிவு என்றால் எதை வாங்குவார்கள்?

ஜூன் 19 அன்று மைக்ரோசாஃப்ட் பணிந்தது. 24 மணி நேரக் கெடுவும் பழைய கேம் கட்டுப்பாடும் போயின. போகும்போது ஒரு நல்லதும் போனது. டிஜிட்டல் கேம்களைக் குடும்பத்தில் பத்துப் பேர் வரை பகிரலாம் என்றொரு திட்டம் அதில் இருந்தது. கோபத்தில் இருந்தவர்கள் அதைக் கவனிக்கவே இல்லை. மேட்ரிக் ஜூலை முதல் தேதியே வேறு கம்பெனிக்குக் கிளம்பினார். அடுத்த ஜூனில் கினெக்ட் இல்லாத எக்ஸ்பாக்ஸ் 399 டாலருக்கு வந்தது. அதற்குள் ஆட்டம் கைமீறியிருந்தது. பிளேஸ்டேஷன் 4 விற்பனை 11 கோடியைத் தாண்டியது. மைக்ரோசாஃப்ட் ஒரு கட்டத்தில் எண்ணிக்கை சொல்வதையே நிறுத்திவிட்டது.

சரி, சோனி உத்தமனா? பிளேஸ்டேஷன் 3-ல் இலவசமாக இருந்த ஆன்லைன் ஆட்டத்துக்கு, பிளேஸ்டேஷன் 4-ல் சந்தா கட்ட வேண்டும் என்ற செய்தியும் அதே ஜூன் 10-ல்தான் வந்தது, கைதட்டல் சத்தத்துக்கு நடுவே. முன்னணிக்கு வந்தபின் குணமும் மாறியது. ஃபோர்ட்நைட் கேமில் பிளேஸ்டேஷன்காரர்கள் எக்ஸ்பாக்ஸ், நின்டெண்டோ ஆள்களோடு சேர்ந்து விளையாட 2018 செப்டம்பர் வரை அனுமதிக்கவில்லை. பின்தங்கிய எக்ஸ்பாக்ஸோ, 2015-லேயே பழைய 360 டிஸ்க்குகளைப் புதுப் பெட்டியில் போட வழிசெய்து, நல்ல பிள்ளை ஆகியிருந்தது.

இப்போது டிஸ்க்கே அருகி வருகிறது. கடைக்கு அலைய வேண்டாம், சோபாவில் இருந்தபடியே டவுன்லோடு செய்யலாம் என்ற சௌகரியத்துக்காக ஜனங்கள் தாங்களாகவே டிஜிட்டல் பக்கம் சாய்ந்துவிட்டார்கள். அப்படி வாங்கிய கேமை விற்கவும் முடியாது, நண்பனுக்குக் கொடுக்கவும் முடியாது. 2013-ல் கொதித்தவர்களே இன்று அதை ஏற்றுக்கொண்டிருக்கிறார்கள். 2025 ஜனவரி முதல் அமலில் இருக்கும் ஒரு கலிஃபோர்னியா சட்டம், இப்படி விற்பவர்கள் அது உரிமம் மட்டுமே என்று வாங்குபவருக்குத் தெளிவாகச் சொல்ல வேண்டும் என்கிறது.

2024 நவம்பரில் 700 டாலருக்கு வந்த பிளேஸ்டேஷன் 5 புரோவில் டிஸ்க் போடும் இடம் கிடையாது. வேண்டுமென்றால் 80 டாலருக்குத் தனியாக ஒரு டிரைவ் வாங்கி மாட்டிக்கொள்ளலாம். மாட்டியவுடன் அதைக் கன்சோலோடு இணைக்க, ஒருமுறை இன்டர்நெட் கட்டாயம் வேண்டும்.