சிவப்பு விளக்கு அணையாவிட்டால்: பழைய டீசல் வாகனத்தின் ஒயில் அமுக்கச் சுவிச்சைச் சோதித்தலும் மாற்றுதலும்

காணியையும் வீட்டையும் விட்டு வந்து அக்குறணைப் பக்கத்தில் குடியிருக்கும் விவசாயக் குடும்பங்கள் சில, இரண்டு மூன்றாகச் சேர்ந்து ஒரு பழைய டீசல் வானை வாங்கி வைத்திருப்பதை நாம் காண்கிறோம். குத்தகைத் துண்டில் விளையும் போஞ்சியும் கறிமிளகாயும் சந்தைக்குப் போவது அதில்தான். நோயாளி ஆஸ்பத்திரிக்குப் போவதும் அதில்தான். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியிலேயே மீண்டும் வழி திறந்தது. இடைப்பட்ட ஐந்து ஆண்டுகளில் பழைய வாகனங்களின் விலை ஏறியது. ஆகவே இருபது, முப்பது வருடம் ஓடிய ரொயோட்டா 2சி எஞ்சின் பூட்டிய டவுன்ஏஸ், லைட்ஏஸ் வான்களும் கொரோலா கார்களும் இன்னும் பாதையில் ஓடிக்கொண்டிருக்கின்றன. எஞ்சின் ஒன்று இறுகிப்போனால் அதை மீண்டும் செய்வித்து எடுக்க ஒரு போகத்தின் வருமானம் போதாது.

இத்தகைய வாகனங்களில் அடிக்கடி கேட்கும் முறைப்பாடு ஒன்று உண்டு. "ஒயில் லாம்பு அணையுதில்லை, ஃபாதர். சென்சர் பழுதாம்." சில வேளை உண்மையிலேயே பழுதானது சென்சர்தான். அப்படியானால் சிறிய செலவோடு காரியம் முடிந்துவிடும். ஆனால் சோதித்துப் பாராமல் அப்படிச் சொல்லக் கூடாது. உள்ளே உண்மையிலேயே அமுக்கம் இல்லாமற் போனாலும் எரிவது அதே விளக்குத்தான்.

முதலில் அந்த விளக்கு எதைச் சொல்கிறது என்று பார்ப்போம். நீரிறைக்கும் இயந்திரம் வைத்துத் தோட்டம் செய்தவர்களுக்கு இது கடினமல்ல. கிணற்றில் நீர் நிறைய இருந்தாலும், பம்பி இழுக்காவிட்டால் கடைசிப் பாத்திக்கு நீர் போகாது. எஞ்சினின் அடித்தட்டில் ஒயில் இருப்பது கிணற்று நீரைப் போன்றது. அதை ஒரு பம்பி இழுத்து, வடிகட்டிக்கூடாகச் செலுத்தி, சுழலும் தண்டின் பெயரிங்குகளுக்கு அமுக்கத்தோடு அனுப்புகிறது. உலோகமும் உலோகமும் உரசாமல் காப்பது இந்த அமுக்கமுள்ள மெல்லிய ஒயில் படலமே. அளவுகோலைக் கழற்றிப் பார்த்தால் கிணற்றின் நீர்மட்டம் தெரியும். பாத்திக்கு நீர் போகிறதா என்பது தெரியாது. அதைச் சொல்வது சிவப்பு விளக்கு.

பொதுவாகச் சென்சர் என்று சொன்னாலும், நமது பழைய வாகனங்களில் இருப்பது பெரும்பாலும் ஒரு சாதாரண சுவிச். அதற்கு ஒரேயொரு வயர். உள்ளே ஒரு மெல்லிய தகடும் ஒரு சிறு ஸ்பிரிங்கும் உண்டு. அமுக்கம் இல்லாதபோது சுவிச் மூடியிருக்கும், விளக்கிலிருந்து வரும் மின்சாரம் அதனூடாக எஞ்சினின் உடலுக்குப் போய் வட்டத்தை முடிக்கும், விளக்கு எரியும். எஞ்சின் இயங்கி அமுக்கம் ஏறியதும் தகடு தள்ளப்பட்டு வட்டம் திறக்கும், விளக்கு அணையும். ஆகவே திறப்பைப் போட்டவுடன் விளக்கு எரிவதும், ஸ்டார்ட் செய்து ஓரிரு விநாடியில் அணைவதுமே சரியான நிலை. முள் காட்டும் மீற்றர் உள்ள வாகனங்களில் இருப்பது வேறு வகை. ஒன்றுக்கு மற்றதைப் பூட்ட முடியாது.

ஓடும்போது விளக்கு எரிந்தால் என்ன செய்வது? கண்டியிலிருந்து அக்குறணையைக் கடந்து மாத்தளைக்குப் போகும் ஏ9 வீதியில் ஏற்றமும் இறக்கமும் வளைவும் அதிகம். பதறிப்போய் ஓட்டத்திலேயே திறப்பை மூடிவிடக் கூடாது. பிரேக் கடினமாகும், ஸ்டியரிங்கும் பூட்டிக்கொள்ளக்கூடும். பாதை ஓரத்தில் நிறுத்தி, உடனே எஞ்சினை அணைக்க வேண்டும். "அடுத்த சந்திவரைக்கும்தானே" என்று ஓட்டுவதுதான் எஞ்சினைக் கொல்வது. முன்கண்ணாடியில் செபமாலை தொங்குவது நல்லதே. ஆனால் விளக்குக்குப் பதில் அதைப் பார்த்துக்கொண்டு ஓட்ட வேண்டாம்.

சில நிமிடம் பொறுத்து, சமதரையில் அளவுகோலைப் பார்க்கவும். மட்டம் குறைந்திருந்தால் ஒயில் ஊற்றி, எங்கே ஒழுகுகிறது என்று தேட வேண்டும். டீசல் எஞ்சினில் ஒயில் மாற்றிய சில நாட்களிலேயே கறுத்துவிடும். கறுப்பைக் கண்டு பயப்பட வேண்டியதில்லை. பயப்பட வேண்டியவை இரண்டு. முதலாவது, ஒயில் பால்தேநீர் போல வெளுத்திருப்பது. நீர் கலந்தால் இப்படி ஆகும். பிங்கா ஓயா பெருகி அக்குறணை நகருக்குள் புகுவது நமக்குப் புதிதல்ல. 2025 நவம்பர் இறுதியில் வந்த டித்வா சூறாவளியின்போது கண்டி மாவட்டம் பட்ட பாட்டையும் அறிவோம். வெள்ளத்தில் நின்ற வாகனத்தை ஒயிலையும் வடிகட்டியையும் மாற்றாமல் ஸ்டார்ட் செய்யவே கூடாது. இரண்டாவது, மட்டம் குறைவதற்குப் பதிலாக ஏறியிருப்பதும், ஒயிலில் டீசல் மணப்பதும். எரியாத டீசல் கீழே இறங்கி ஒயிலை நீராக்குகிறது என்பதே பொருள். 1990களில் யாழ்ப்பாணத்தில் மண்ணெண்ணெயில் கார் ஓட்டியவர்களுக்கு இந்தக் கதை நன்றாகத் தெரியும். இவ்விரண்டிலும் சுவிச்சை மாற்றிப் பயனில்லை.

ஒயில் சரியாக இருந்தால் சுவிச்சைத் தேடுவோம். அநேகமான எஞ்சின்களில் அது ஒயில் வடிகட்டிக்கு அண்மையில், எஞ்சின் பிளொக்கின் பக்கத்தில் இருக்கும். டவுன்ஏஸ் போன்ற வான்களில் முன் ஆசனத்தைத் தூக்கினால்தான் எஞ்சினைக் காணலாம். வயரைக் கழற்றி, எதிலும் தொடாமல் விட்டு, எஞ்சினை இயக்காமல் திறப்பை மட்டும் போடவும். விளக்கு இன்னும் எரிந்தால் வயரின் உறை எங்கோ தேய்ந்து உடலில் தொடுகிறது, சுவிச் குற்றவாளியல்ல. விளக்கு அணைந்தால்? இங்கேதான் பலர் தவறான முடிவுக்கு வருகிறார்கள். வயரைக் கழற்றினால் விளக்கு அணைவது இயல்பு. அதனால் சுவிச் பழுது என்றும் ஆகாது, எஞ்சின் நலம் என்றும் ஆகாது. எமக்குத் தெரிந்த ஒரு வானுக்குக் கராஜ் ஒன்றில் வயரைக் கழற்றிச் சுற்றிவிட்டு, "சரி, கொண்டு போங்க" என்று அனுப்பியிருந்தார்கள். விளக்கும் எரியவில்லை; சில மாதத்தில் எஞ்சினும் இயங்கவில்லை.

மறுபுறம், திறப்பைப் போட்டும் விளக்கு எரியாவிட்டால், கழற்றிய வயரை பிளொக்கின் சுத்தமான இரும்பில் தொட்டுப் பார்க்கவும். எரிந்தால் சுவிச் செத்துவிட்டது. எரியாவிட்டால் பல்பையோ வயரையோ தேட வேண்டும். எரியாத விளக்கைப் பற்றி எவரும் முறைப்பாடு செய்வதில்லை. எமது எண்ணத்தில் அதுவே கூடிய ஆபத்து, ஏனெனில் எச்சரிக்க ஆளில்லை.

எரிந்துகொண்டே இருக்கும் விளக்குக்கு உறுதியான பதில் தருவது அமுக்கமானி ஒன்றுதான். சுவிச்சைக் கழற்றி, அந்தத் துவாரத்தில் மானியைப் பூட்டி, எஞ்சினை நன்றாகச் சூடாக்கிப் பார்க்க வேண்டும். குளிர்ந்த ஒயில் தடிப்பாக இருப்பதால் நல்ல கணக்கையே காட்டும். அதை நம்பக் கூடாது. 1000 சுற்றுக்குச் சதுர அங்குலத்துக்கு 10 இறாத்தல் என்பது பழைய மெக்கானிக்குகளின் கைக்கணக்கு. மெதுவாக ஓடும்போது இதற்குக் குறைந்தாலும் சில எஞ்சின்களுக்குப் பிழையில்லை. வேகம் கூட்டும்போது ஏறாவிட்டால்தான் கவலை. அமுக்கம் சரியாக இருந்து விளக்கு மட்டும் எரிந்தால், இப்போது நெஞ்சறியச் சொல்லலாம்: சுவிச் பழுது. சூடான பின் நிற்கும்போது மட்டும் விளக்கு மினுங்கி, வேகம் கூட்டினால் அணைகிறதென்றால் பெரும்பாலும் பெயரிங் தேய்ந்திருக்கும் அல்லது ஒயில் மெலிந்திருக்கும். தடித்த ஒயில் ஊற்றி அந்த மினுங்கலை அடக்குகிறார்கள். அது நாட்களைக் கூட்டும், நோயைத் தீர்க்காது.

புதிய சுவிச் வாங்கப் போகும்போது பழையதைக் கையோடு கொண்டு போகவும். அக்குறணைக் கடைகளில் தமிழிலேயே பேசி வாங்கலாம் என்பது நமக்கு ஒரு வசதி. வெள்ளிக்கிழமை நண்பகல் ஜும்ஆ வேளையைத் தவிர்த்துப் போவது நல்லது. ஜப்பான் வாகனங்களின் சுவிச்சுகளில் பெரும்பாலும் எட்டில் ஒரு அங்குலக் கூம்புப் புரி இருக்கும். ஆனால் புரி ஒன்றாக இருந்தாலும் சுவிச் திறக்கும் அமுக்கம் வேறுபடலாம். எனவே எஞ்சினின் பெயரையும் சொல்லிக் கேட்க வேண்டும். பாவித்த சுவிச்சை வாங்க வேண்டாம். புதியதன் விலையே ஒரு முறை ஒயில் மாற்றும் செலவிலும் குறைவு.

மாற்றுவது அரை மணி நேர வேலை. எஞ்சின் ஆறியிருக்க வேண்டும். பற்றறியின் மறைத் தொடுப்பைக் கழற்றிவிடவும். ஒயிலை வடிக்கத் தேவையில்லை, கீழே ஒரு பழைய துணி போதும். சுற்றியுள்ள அழுக்கை முதலில் துடைக்காவிட்டால் மண் துவாரத்துக்குள் போகும். அங்கிருந்து அது போவது நேராகப் பெயரிங்குக்கு. ஆழமான சொக்கெட்டினால் இடப்புறம் திருப்பிக் கழற்றவும். இடுக்கியால் பிடித்து முறுக்கினால் தலை உடைந்து, புரி உள்ளேயே தங்கிவிடும். புதியதன் புரியில் இரண்டு மூன்று சுற்றுக்கு மட்டும் ஒயில் தாங்கும் சீலன்ற் பூசவும். நுனித் துவாரத்தில் படக்கூடாது. குழாய்க்குச் சுற்றும் வெள்ளை நாடாவைத் தடிப்பாகச் சுற்றுவோர் உண்டு. இந்தச் சுவிச்சுக்குப் புரிதான் எர்த். நாடா அதைத் தடுத்தால் விளக்கு எரியவே எரியாது. முதலில் விரலால் பூட்டி, பின் சொக்கெட்டால் அளவாக இறுக்கவும். கூம்புப் புரி இறுக்க இறுக்க இறங்கிக்கொண்டே போகும். முழுப் பலத்தையும் காட்டினால் பிளொக் வெடிக்கலாம்.

வயரையும் பற்றறியையும் தொடுத்துத் திறப்பைப் போடவும்: விளக்கு எரிய வேண்டும். ஸ்டார்ட் செய்யவும்: அணைய வேண்டும். சில நிமிடம் ஓடவிட்டு, சுவிச்சைச் சுற்றி ஒயில் கசிகிறதா என்று வெளிச்சம் பிடித்துப் பார்க்கவும். மறுநாளும் ஒருமுறை பார்க்கவும்.

அமுக்கமானியை ஒரு குடும்பம் தனியாக வாங்குவது வீண்செலவு. குடியிருப்பில் நாலைந்து வாகனங்கள் இருந்தால், சங்கப் பணத்தில் பொருத்தும் முனைகளோடு ஒன்றை வாங்கி, யாராவது ஒருவரின் பொறுப்பில் வைத்துக்கொள்ளலாம். இருசில்லு உழவு இயந்திரம் வைத்திருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. ஒற்றைச் சிலிண்டர் டீசல் எஞ்சின்கள் பலவற்றில் விளக்குக்குப் பதிலாக, ஒயில் அமுக்கம் வந்ததும் மேலெழும் ஒரு சிவப்புக் குமிழ் இருக்கும். காலையில் ஸ்டார்ட் செய்ததும், கலப்பையை இறக்குமுன், அது எழுந்திருக்கிறதா என்று பார்க்கவும்.