ஆயிரத்தில் ஒருவன் (1965 திரைப்படம்)

ஆயிரத்தில் ஒருவன், பி. ஆர். பந்துலு தயாரித்து இயக்கி 1965ஆம் ஆண்டு வெளிவந்த வண்ணத் திரைப்படமாகும். எம்.ஜி.ஆரும் ஜெயலலிதாவும் முதன்முதலில் இணைந்து நடித்த படம் இதுவே. இசை விசுவநாதன்–இராமமூர்த்தி.

கதைக்கு மூலம், எரால் பிளின் நடித்த கேப்டன் பிளட் (1935) என்னும் ஆங்கிலப் படம். காயம்பட்ட கிளர்ச்சிக்காரர்களுக்கு மருத்துவம் பார்த்ததே மருத்துவன் மணிமாறன் செய்த குற்றம். அதற்காக அவனை அடிமையாகத் தீவுக்கு அனுப்புகிறார்கள். பின்னர் அவன் கடற்கொள்ளையரிடம் சிக்குகிறான். வாட்சண்டைகளே பெரிதும் பேசப்பட்டாலும், அடிமைகள் விடுதலைக்கு ஏங்கும் பகுதிதான் படத்தின் உயிர்.

அடிமை விற்பனை வெறும் கற்பனையன்று என்பதை மாணவர்கள் அறிய வேண்டும். நமது திருவள்ளூர் மாவட்டத்துப் பழவேற்காட்டிலிருந்தே 17ஆம் நூற்றாண்டில் ஒல்லாந்தர் மக்களைக் கப்பலேற்றி, பத்தாவியாவுக்கு (இன்றைய ஜகார்த்தா) அடிமைகளாக அனுப்பினர்.

இப்படம் 2014இல் எண்ணிம முறையில் புதுப்பிக்கப்பட்டு மீண்டும் திரையிடப்பட்டது.