ஸ்கேனில் தெரியும் கிழிசல்

கபடி ஆடித் திரும்பிய பையனும் "முட்டியில ஜவ்வு கிழிஞ்சிருக்கு" என்கிறான்; சம்மணமிட்டுப் பூத்தொடுத்து எழுந்த ஐம்பது வயது அம்மாவும் அதையேதான் சொல்கிறார். இருவருக்கும் வைத்தியம் ஒன்றல்ல.

எந்த ஜவ்வு?

எலும்புகளை இழுத்துக் கட்டும் லிகமென்ட்டையும் ஜவ்வு என்கிறோம், மெனிஸ்கஸையும் ஜவ்வு என்கிறோம். குழப்பம் அங்கேயே தொடங்கிவிடுகிறது. மெனிஸ்கஸ் என்பது தொடை எலும்புக்கும் கீழ்க்கால் எலும்புக்கும் நடுவே இருக்கும் பிறை வடிவக் குருத்தெலும்பு. முட்டிக்கு இரண்டு. உடல் எடையைப் பரப்பித் தாங்குவது இதன் வேலை. பாதம் ஊன்றியிருக்க, மடங்கிய முட்டி திருகினால் கிழியும். வயது ஏறியபின் திருகலே வேண்டாம், குந்தி எழுந்தாலே போதும்.

கை முதலில், ஸ்கேன் பிறகு

அடிபட்ட ஓரிரு மணி நேரத்தில் முட்டி புசுபுசுவென்று வீங்கினால் லிகமென்ட்டைச் சந்தேகிப்பார்கள். மெனிஸ்கஸ் கிழிசலில் வீக்கம் பெரும்பாலும் மறுநாள்தான் தெரியும். மருத்துவர் மூட்டு இடுக்கை விரலால் அழுத்திப் பார்ப்பார். முட்டியை மடக்கி, பாதத்தைத் திருப்பியபடி நீட்டுவார். மெக்மர்ரே சோதனை என்பது இதுதான். எக்ஸ்ரேயில் மெனிஸ்கஸ் தெரியாது, எம்.ஆர்.ஐ.யில் தெரியும்.

சில சமயம் தேவைக்கு மேலேயே தெரிந்துவிடும். அமெரிக்காவின் ஃபிரேமிங்ஹாம் நகரில் ஐம்பது வயதைத் தாண்டியவர்களுக்கு ஸ்கேன் எடுத்த ஆய்வு 2008-இல் வெளியானது. கிழிசல் இருந்தவர்களில் 61 சதவீதம் பேருக்கு முந்தைய ஒரு மாதமாக முட்டி வலியே இல்லை! ஆகவே நடுவயதில் ரிப்போர்ட்டைப் பார்த்ததும் ஆபரேஷனுக்கு நாள் குறிக்க வேண்டியதில்லை.

வெட்டுவதா, தைப்பதா, விடுவதா?

பின்லாந்து மருத்துவர்கள் 2013-இல் வெளியிட்ட ஆய்வு துணிச்சலானது. தேய்மானத்தால் கிழிசல் கண்ட 146 பேரில் ஒரு பாதிக்குக் கிழிந்த பகுதியை நறுக்கி எடுத்தார்கள். மறுபாதிக்கு எடுப்பதுபோல் பாவனை மட்டும் செய்தார்கள். ஓராண்டு கழித்து இரு தரப்புக்கும் நலம் ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தது. இத்தகைய கிழிசலுக்கு மூன்று மாதம் ஒழுங்காகப் பிசியோதெரபி செய்து தொடைத் தசையை வலுப்படுத்துவதே முதல் வழி. நாலு நாள் செய்துவிட்டு "சரிவரலை" என்பது கணக்கில் சேராது.

கபடிப் பையன் கதை வேறு. கிழிந்த துண்டு நடுவில் சிக்கி முட்டி நீட்டவே முடியாமல் பூட்டிக்கொண்டால் தள்ளிப்போடக் கூடாது. வெளி விளிம்பில் ரத்த ஓட்டம் உண்டு. அங்கே கிழிந்ததை நுண்துளை வழியாகத் தைத்தால் கூடும். உள்விளிம்பில் ரத்தம் இல்லை, ஆகவே பெரும்பாலும் நறுக்கித்தான் எடுக்க வேண்டும். நறுக்கினால் சில வாரத்தில் மைதானத்துக்குப் போகலாம் என்று இளைஞர்கள் அதையே கேட்பதுண்டு. ஆனால் மெனிஸ்கஸை இழந்த முட்டி சீக்கிரம் தேயும் என்பது 1948-லேயே ஃபேர்பேங்க் என்ற மருத்துவர் எக்ஸ்ரேக்களில் கண்டது. தைக்க முடிந்தால் தைப்பதே மேல். அதற்கு விலை பொறுமை: சில வாரம் ஊன்றுகோல், சுமார் நான்கு மாதம் குந்தவும் சம்மணமிடவும் தடை, அதன் பிறகே ஆட்டம். வீட்டில் இந்தியக் கழிப்பறை மட்டும்தான் என்றால், ஆபரேஷனுக்கு முன்பே ஒரு கமோடு நாற்காலி வாங்கிவிடுங்கள்.