மணம் இங்கே, கலம் அங்கே

உடுமலைப்பேட்டையிலிருந்து சின்னாறு சோதனைச் சாவடியைத் தாண்டி மலையேறினால், மறையூரை நெருங்கும்போது சாலையோரம் கம்பி வேலி தொடங்குகிறது. வேலிக்குள் இருப்பவை பார்வைக்குப் பிரமாதமில்லாத, நடுத்தர உயரமுள்ள மரங்கள். இலையைக் கசக்கினால் வாசமில்லை. வாசமெல்லாம் வைரத்தில். அதற்காகத்தான் இரவு பகலாகக் காவல். இடுக்கி மாவட்டத்தின் இந்த மழைமறைவுப் பகுதி, கேரளத்தின் முக்கியமான இயற்கைச் சந்தனக்காடு. கடத்தல் தலைவிரித்தாடிய பிறகு, 2005-ல் இதற்கென்றே தனி வனக்கோட்டம் அமைக்க வேண்டியதாயிற்று.

இந்தக் கட்டைக்கு மவுசு நேற்று வந்ததல்ல. காவிரிப்பூம்பட்டினத்தில் குவிந்திருந்த சரக்குகளைப் பட்டியலிடும் பட்டினப்பாலை, மேற்கு மலையில் பிறந்த சந்தனத்தையும் அகிலையும் அதில் சேர்க்கிறது. கடலுக்கு அப்பால் இருந்த பெரிய வாடிக்கையாளர்களில் சீனரும் உண்டு. 'ஸியாங்' என்ற ஒரே சொல் அவர்களுக்கு மணத்தையும் குறிக்கும், புகைக்கும் வாசனைப் பொருளையும் குறிக்கும். சீன பௌத்த நூல்களில் சந்தனத்துக்கு வழங்கும் 'சான்டான்', வடமொழிச் 'சந்தன'த்தின் ஒலிபெயர்ப்பு. (அந்தச் சந்தனமே திராவிடச் சொல் என்று வாதிடுவோர் உண்டு. அந்த வழக்கு இங்கே வேண்டாம்.)

ஆனால் சீனத்தின் தூபக்கலம் பௌத்தத்துக்கும் மூத்தது. ஹான் வம்சத்து இளவரசர் லியூ ஷெங் இறந்தது கி.மு. 113-ல். அவருடைய கல்லறை 1968-ல் ஹெபெய் மாநிலத்தில் திறக்கப்பட்டபோது, பொன்னிழை பதித்த ஒரு வெண்கலக் கலம் கிடைத்தது. உயரம் ஒரு சாணுக்குச் சற்று அதிகம். மூடியே ஒரு மலை: அடுக்கடுக்கான சிகரங்கள், இடையிடையே விலங்குகள், மனிதர்கள். சிகரங்களுக்குப் பின்னால் துளைகள். உள்ளே தணல் வைத்தால் அந்தத் துளைகள் வழியே புகை எழுந்து, மலையை மேகம் சூழ்ந்ததுபோல் தவழும். சாகாவரம் பெற்றோர் வாழும் மலையாக அதைக் கண்டார்கள். 'போஷான்' கலம் என்பது இந்த வகையின் பெயர்.

அடுத்து வந்தவர்களும் சும்மா இருக்கவில்லை. 1987-ல் ஃபாமன் கோயிலின் நிலவறையில் கிடைத்த தாங் காலத்து வெள்ளி உருண்டை எப்படி உருண்டாலும் உள்ளே நெருப்புக் கிண்ணம் கவிழாது. வளையத்துக்குள் வளையமாக மாட்டியிருக்கிறார்கள். தூபம் எரியும் வேகத்தை வைத்து நேரம்கூடக் கணக்கிட்டார்கள்.

ஒரு சட்டிக்கு ஏன் இத்தனை அலங்காரம்? எரிக்கும் பொருள் தூரதேசத்துச் சரக்கு, விலை அதிகம் என்பது ஒரு காரணமாக இருக்கலாம். சந்தனம் இந்தியாவிலிருந்தும் திமோரிலிருந்தும் வந்தது, சாம்பிராணி அரேபியாவிலிருந்து. 1974-ல் சுவான்சௌ துறைமுகத்தருகே சேற்றிலிருந்து எடுத்த 13-ம் நூற்றாண்டுக் கப்பலில் மிளகோடு, 2 டன்னுக்கும் மேல் வாசனைக் கட்டைகள் இருந்தன. அதே ஊரில் தமிழ் வணிகர்கள் ஒரு சிவன் கோயில் வைத்திருந்தார்கள். 1281-ம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டு அதற்குச் சாட்சி.

கலம் எதிர்த்திசையில் பயணம் செய்ததற்கும் கல்லில் சாட்சி உண்டு. சீனக் கடற்தளபதி செங் ஹ இலங்கைக்குக் கொண்டுவந்த 1409-ம் ஆண்டுக் கல்வெட்டு, சீனம், தமிழ், பாரசீகம் என மூன்று மொழிகளில் பேசுகிறது. 1911-ல் காலி நகரில் கண்டெடுக்கப்பட்டு, இப்போது கொழும்பு அருங்காட்சியகத்தில் இருக்கிறது. சீனப் பகுதி புத்தருக்கு அளித்த காணிக்கைகளைச் சொல்கிறது: பொன், வெள்ளி, பட்டு, சந்தனம், அவற்றோடு பீடத்துடன் 5 வெண்கலத் தூபக்கலங்கள். தமிழ்ப் பகுதி தெனாவரை நாயனாரைப் போற்றுகிறது. ஒரே கல்லில் ஒவ்வொரு மொழிக்கும் ஒரு தெய்வம். அந்தக் காலத்து ராஜதந்திரம்!

நம் பக்கம் கதை வேறு. கோயில்களில் பித்தளைத் தூபக்கால் உண்டு. வீட்டில் பெரும்பாலும் மண்சட்டியோ இரும்புக் கரண்டியோதான். மணம் விளையும் மண்ணில் கலத்தைப் பற்றி யாரும் அதிகம் கவலைப்படவில்லை. மணத்தைக் கொண்டுவருகிறவர்களைப் பற்றியும்தான்.

பொள்ளாச்சி, சேத்துமடை, டாப்சிலிப் வழியே போய்ச் சேரும் பாலக்காடு மாவட்டத்துப் பரம்பிக்குளத்தில், காடர்கள் தேனோடு கருங்குங்கிலியமும் சேகரிக்கிறார்கள். அடிமரத்தைக் கொத்தி, சுற்றிலும் தீமூட்டிச் சூடேற்றுவது பழைய முறை. பிசின் உடனே வராது; கசியத் தொடங்க ஆண்டுகள் ஆகலாம். பொறுக்காமல் மேலும் மேலும் சுட்டால் மரம் பட்டுப்போகும். இதே குடும்பத்து மரத்தின் பிசினைச் சீனரும் புகைத்தார்கள். 1175 வாக்கில் குவாங்ஸி பகுதியைப் பற்றி எழுதிய அதிகாரி ஃபான் செங்டா, அது கருத்த பாகுபோல் இருக்கும் என்று குறித்து, அதன் மணத்தைச் சிலாகித்திருக்கிறார்.

2006-ம் ஆண்டு வன உரிமைச் சட்டப்படி, குங்கிலியம் போன்ற சிறு வனப்பொருள்களைச் சேகரித்து விற்கும் உரிமை காட்டுவாசிகளுக்கு உண்டு. சந்தனம் அந்தக் கணக்கில் வராது. மறையூரில் காய்ந்தும் விழுந்தும் கிடைக்கும் மரங்களின் கட்டையை வனத்துறை ஏலம் விடுகிறது, பணம் அரசுக்கு. காட்டை ஒட்டிய குடிகளில் வாழும் முதுவர், மலைப்புலையரில் சிலருக்கு வேலி காக்கும் வேலை. காட்டுக்குள்ளோ, காவலர் தடுக்க முடியாத ஸ்பைக் நோயும் மரங்களைக் காயவைத்துக்கொண்டிருக்கிறது.