செக்டார் ஃபண்ட்: லாபத்தோடு ஆட்டத்தையும் எக்செல்லில் அளந்து பாருங்கள்

ஐடி, பார்மா, பேங்கிங் என ஏதாவது ஒரு துறையில் மட்டும் முதலீடு செய்யும் மியூச்சுவல் ஃபண்டை செக்டார் ஃபண்ட் என்கிறோம். செபி 2017-ல் வெளியிட்ட விதிப்படி இதன் பணத்தில் குறைந்தது 80 சதவீதம் அந்தத் துறைப் பங்குகளில் இருக்க வேண்டும். துறை ஏறினால் ஃபண்ட் பறக்கும். இறங்கினால் ஒதுங்க இடமில்லை.

அமெரிக்காவில் டெக்னாலஜி பங்குகள் நிறைந்த நாஸ்டாக் குறியீடு 2000 மார்ச்சில் 5,048 புள்ளிகளில் இருந்தது. 2002 அக்டோபரில் 1,114-க்கு விழுந்தது. பழைய உச்சத்தைத் தாண்ட 2015 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

பணி ஓய்வு பெற்ற என் பெரியப்பா, கைக்கு வந்த தொகையில் பாதியை ஐடி ஃபண்டில் போடலாமா என்று என்னைக் கேட்டார். "லாபம் நல்லா இருக்கேப்பா" என்றார். அவருக்குச் செய்து காட்டிய கணக்கைத்தான் இங்கே தருகிறேன். எக்செல் இல்லாதவர்கள் இலவசமான லிப்ரே ஆபிஸ் கால்க்கில் செய்யலாம்.

தகவலை எடுப்பது

ஆம்ஃபி இணையதளத்தில் பழைய என்ஏவி விவரங்கள் கிடைக்கும். ஒரு செக்டார் ஃபண்டையும், பல துறைகளில் முதலீடு செய்யும் ஒரு ஃபண்டையும் தேர்ந்தெடுங்கள். இரண்டிலும் குரோத் ஆப்ஷனையே எடுங்கள். ஐடிசிடபிள்யூ ஆப்ஷனில் பணம் பட்டுவாடா ஆகும்போது என்ஏவி குறைந்துவிடும். கணக்கு தவறாகும். ஒன்று டைரக்ட், மற்றது ரெகுலர் என்றும் கலக்காதீர்கள்.

ஒவ்வொரு மாதக் கடைசி நாளின் என்ஏவி போதும். 61 மாத என்ஏவி இருந்தால் 60 மாத லாபம் கிடைக்கும். ஏ காலத்தில் தேதி, பி-யில் செக்டார் ஃபண்ட், சி-யில் மற்ற ஃபண்ட். முதல் வரிசையில் தலைப்பு, 2 முதல் 62 வரை எண்கள். தேதிகளைச் சரிபாருங்கள். விண்டோஸில் ரீஜன் அமெரிக்கா என்று இருந்தால் ஏப்ரல் 3 என்பது மார்ச் 4 ஆகிவிடும்.

கணக்கு போடுவது

1. டி3 செல்லில் =பி3/பி2-1 என்று ஆங்கில எழுத்துகளில் டைப் செய்து என்டர் தட்டுங்கள். இது அந்த மாத லாபம். செல்லின் வலது கீழ் மூலையைப் பிடித்து இ3-க்கு இழுங்கள். பிறகு இரண்டையும் 62-வது வரிசை வரை இழுங்கள்.

2. டி64-ல் கர்சரை வைத்து, ஃபார்முலா பாருக்கு அருகிலுள்ள எஃப்எக்ஸ் பட்டனைக் கிளிக் செய்யுங்கள். ஸ்டாட்டிஸ்டிக்கல் பிரிவில் ஆவரேஜ் ஃபங்ஷனைத் தேர்ந்தெடுத்து டி3 முதல் டி62 வரை கொடுங்கள்.

3. டி65-ல் அதே போல ஸ்டிடெவ்.எஸ் ஃபங்ஷனைக் கொடுங்கள். மாத லாபம் சராசரியிலிருந்து எவ்வளவு விலகி ஆடுகிறது என்று இது சொல்லும்.

4. டி66-ல் ரிஸ்க் இல்லாமல் கிடைக்கும் மாத வட்டி. அரசின் 91 நாள் டிரெஷரி பில் வட்டியை 12-ஆல் வகுத்துக் கொள்ளுங்கள். ஆண்டுக்கு 6% என்றால் 0.5%.

5. டி67-ல் =(டி64-டி66)/டி65*3.464. மாதக் கணக்கை ஆண்டுக் கணக்காக்க 12-ன் வர்க்கமூலத்தால் பெருக்குகிறோம்.

இதுதான் ஷார்ப் ரேஷியோ. வில்லியம் ஷார்ப் 1966-ல் கொண்டு வந்த அளவு இது. அவர் 1990-ல் பொருளாதார நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். டி64 முதல் டி67 வரை உள்ளதை இ காலத்திற்கும் இழுத்துவிடுங்கள்.

ஒரு கற்பனை உதாரணம்: செக்டார் ஃபண்டின் மாத சராசரி 1.5%, ஆட்டம் 6.5%. மற்றதற்கு 1.2%, 4%. ஷார்ப் ரேஷியோ முறையே 0.53, 0.61. லாபத்தில் முதலாவது முன்னே. எடுத்த ரிஸ்க்குக்குக் கிடைத்த கூலியில் இரண்டாவதுதான் முன்னே.

இன்னும் இரண்டு சோதனைகள்

ஃபண்ட் மேனேஜர் திறமையானவரா என்று பார்க்க, அதே துறைக் குறியீட்டின் டிஆர்ஐ எண்களோடு ஒப்பிடுங்கள். டிஆர்ஐயில் டிவிடெண்டும் சேர்ந்திருக்கும். குறியீட்டைவிட ஷார்ப் குறைவு என்றால் அவருக்குக் கட்டணம் கொடுப்பதில் பயனில்லை.

அடுத்தது பெரிய சரிவு. எஃப்2-ல் =பி2 என்று கொடுங்கள். எஃப்3-ல் எஃப்2, பி3 இரண்டில் பெரியதை மேக்ஸ் ஃபங்ஷனால் எடுத்து கீழே இழுங்கள். ஜி2-ல் =பி2/எஃப்2-1 கொடுத்து இதையும் இழுங்கள். ஜி காலத்தில் மிகக் குறைந்த எண்தான் உச்சத்திலிருந்து விழுந்த அளவு. 50% விழுந்தால் மீண்டு வர 100% ஏற வேண்டும்.

பெரியப்பா அந்த ஜி காலத்தைத்தான் நெடுநேரம் பார்த்தார். மாதச் செலவுக்கு வேண்டிய பணத்தை வங்கி டெபாசிட்டிலேயே விட்டுவிட்டு, தொடத் தேவையில்லாத சிறு தொகையை மட்டும் ஃபண்டில் போட்டார். நான் ஐடி ஃபண்ட் வாங்குவதில்லை. என் சம்பளமே அந்தத் துறையிலிருந்து வருகிறது. இரண்டும் ஒரே நாளில் விழக் கூடாது.

ஷார்ப் ரேஷியோ நேற்றைய கதையைத்தான் சொல்லும். ஆகவே கடந்த 60 மாதங்களோடு நிறுத்தாமல், துறை இறங்கிய ஒரு காலத்தையும் தனி ஷீட்டில் போட்டுப் பாருங்கள். ஃபைலை சேவ் செய்து வையுங்கள். அடுத்த விளம்பரம் வரும்போது பி காலத்தை மட்டும் மாற்றினால் போதும்.