முன்சக்கரத்தில் உரசிய காலணி

என் உயரம் 152 சென்டிமீட்டர். ஆகச் சிறிய சட்டம் கொண்ட சாலை சைக்கிளை வாங்கியும், கைப்பிடியை நன்கு திருப்பினால் காலணி நுனி முன்சக்கரத்தில் உரசியது. வேகமாகச் செல்லும்போது சக்கரம் அவ்வளவு திரும்பாது. மெதுவாக வளையும்போதுதான் ஆபத்து. நடைபாதையில் மணிக்கு 10 கிலோமீட்டரைத் தாண்டக்கூடாத சிங்கப்பூரில் மெதுவாக வளைவதுதானே அன்றாட வேலை! புளோக்கின் கீழே ஒரு திருப்பத்தில் விழுந்து முழங்கையைச் சிராய்த்துக்கொண்டு வந்தபோது, “வித்துடு, பஸ்லயே ஸ்கூலுக்குப் போ” என்று அம்மா சொல்லிவிட்டார்.

எனக்கு மனமில்லை. காரணத்தைத் தேடினேன். சாலை சைக்கிள்களில் சட்டம் சிறிதானாலும் சக்கரம் பெரும்பாலும் அதே அளவுதான். அது காலுக்கு மிக நெருங்கிவிடாதிருக்க, தயாரிப்பாளர்கள் சட்டத்தின் முன்பகுதியைச் சற்று அதிகமாகச் சாய்க்கிறார்கள். அதனால் இன்னொரு தொல்லை.

பேரங்காடித் தள்ளுவண்டியின் முன்சக்கரத்தைக் கவனித்திருக்கிறீர்களா? அது திரும்பும் அச்சுக்குப் பின்னால் தரையைத் தொடுகிறது. அதனால்தான் தள்ளியதும் தானே நேராகிறது. சைக்கிளிலும் அப்படி ஓர் இடைவெளி உண்டு, ‘டிரெயில்’ என்பார்கள். அது கூடினால் வண்டி நேராக ஓடும். ஆனால் மெதுவாகத் திரும்பும்போது கைப்பிடி கனத்து ஒரு பக்கமாகச் சரியும். என் சைக்கிளில் அது 73 மில்லிமீட்டர். சாலை சைக்கிள்களில் 60ஐ ஒட்டியிருப்பதே வழக்கம்.

இரண்டுக்கும் மருந்து, முன்சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க்கில் இருந்தது. சக்கரத்தின் நடு அச்சு, கைப்பிடி திரும்பும் அச்சிலிருந்து எவ்வளவு முன்னே இருக்கிறது என்பதே ‘ஆஃப்செட்’. 43 மில்லிமீட்டர் ஆஃப்செட் கொண்ட பழையதற்குப் பதிலாக 50 கொண்டதை மாட்டினேன். சக்கரம் ஏறக்குறைய 7 மில்லிமீட்டர் முன்னே போனது. ஒரு பென்சிலின் தடிமன்தான், ஆனால் காலணி உரசுவது நின்றது. டிரெயிலும் 66க்கு இறங்கியது. புதிய ஃபோர்க்கின் தண்டைக் கடையில் சற்று நீளமாகவே வெட்டச் சொன்னதால் கைப்பிடி 15 மில்லிமீட்டர் உயர்ந்து, கழுத்து வலியும் குறைந்தது. விற்பதைப் பற்றி அம்மா இப்போது பேசுவதில்லை.

நீங்களும் மாற்ற நினைத்தால், தண்டின் விட்டமும் பிரேக் வகையும் பொருந்துமா என்று பாருங்கள். ஃபோர்க்கின் உயரத்தை அளக்காமல் வாங்கவே வாங்காதீர்கள். 20 மில்லிமீட்டர் கூடினால் முன்பகுதி ஏறக்குறைய 1 டிகிரி சாயும். டிரெயிலில் குறைத்ததெல்லாம் திரும்பி வந்துவிடும். பொருத்துவதை அனுபவமுள்ளவரிடம் விடுங்கள். ஓடும்போது ஃபோர்க் கழன்றால் பல்லுக்கு உத்தரவாதமில்லை.

மட்கார்டு போடவும் ஆசைதான். அதற்கு அந்த 7 மில்லிமீட்டரைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். மழைநாளில் இப்போதைக்கு நனைந்தே போகிறேன்.