சிகிச்சை முடிந்தது, ஃபைல் பத்திரமா?

"ட்ரீட்மென்ட் முடிந்தது. இனி செக்கப்புக்கு வந்தால் போதும்." இந்த வார்த்தைக்காகத்தான் அடையாறு புற்றுநோய் மருத்துவமனையில் பெற்றோர் மாதக்கணக்கில், சிலர் வருடக்கணக்கில் காத்திருக்கிறார்கள். ஊர் திரும்பியதும் பல வீடுகளில் சிகிச்சை ஃபைல் பரணுக்குப் போய்விடுகிறது. கண்ணில் பட்டாலே வேதனை என்பது காரணம். ஆனால் பிள்ளையின் எதிர்கால ஆரோக்கியத்துக்கு அந்த ஃபைல்தான் காவல்.

டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியால் 1954-இல் தொடங்கியது அடையாறு மருத்துவமனை. மறுவருடம் வந்து சேர்ந்த டாக்டர் வி. சாந்தா, 2021-இல் மறையும்வரை அங்கேயே வாழ்ந்தார். குழந்தைப் புற்றுநோய்க்கென இந்தியாவின் முதல் தனிப்பிரிவு 1960-இல் இங்கு உருவானது. 1980-களில் சென்னை, மும்பை, டெல்லி மருத்துவர்கள் ஒரே சிகிச்சை முறையை ரத்தப் புற்றுநோய்க் குழந்தைகளுக்குக் கொடுத்து, விளைவுகளைப் பதிவு செய்தார்கள். சாந்தாவும் பங்கேற்ற அந்த ஆய்வு, நம் ஊரிலும் இந்நோயைக் குணப்படுத்தலாம் என்ற நம்பிக்கையைத் தந்தது.

பிழைக்கும் பிள்ளைகள் பெருகப் பெருக அடுத்த கேள்வி எழுந்தது: அவர்கள் எப்படி வாழ்கிறார்கள்? மும்பை டாடா நினைவு மருத்துவமனை 1991-இலேயே, சிகிச்சை முடித்தவர்களுக்கெனத் தனி கிளினிக் தொடங்கியது. உடல் வலு, மனநிலை, நட்பு, படிப்பு ஆகிய நான்கையும் சேர்த்தே 'வாழ்க்கைத் தரம்' என்று ஆய்வாளர்கள் அளக்கிறார்கள்.

என்ன ஆபத்து?

நோயை விரட்டிய மருந்தே பல வருடம் கழித்துத் தொல்லை தரலாம். டாக்ஸோரூபிசின் இதயத் தசையைப் பலவீனமாக்கலாம். உடல் பரப்பில் சதுர மீட்டருக்கு மொத்தம் 250 மில்லிகிராமோ அதற்கு மேலோ ஏறியிருந்தால் ஆபத்து அதிகம். சிஸ்பிளாட்டின் காதைப் பாதிக்கலாம். சைக்ளோபாஸ்பமைடு அதிக அளவில் செலுத்தப்பட்டிருந்தால் குழந்தைப்பேறு தடைப்படலாம். தலைக்குக் கரன்ட் (கதிர்வீச்சு) வைத்திருந்தால் வளர்ச்சியும் நினைவாற்றலும் குறையலாம். எல்லோருக்கும் எல்லாம் வருவதில்லை. யாருக்கு எது வரக்கூடும் என்பது, எந்த மருந்து, எவ்வளவு, எந்த வயதில் என்பதைப் பொறுத்தது. அந்தக் கணக்கு ஃபைலில்தான் இருக்கிறது.

என்ன உரிமை?

மருத்துவக் கவுன்சிலின் 2002 விதிகளின்படி, நோயாளி தரப்பு கேட்டால் 72 மணி நேரத்துக்குள் பதிவேடுகளைக் கொடுக்க வேண்டும். உள்நோயாளிப் பதிவேடுகளை மருத்துவர் பாதுகாக்க வேண்டிய காலமோ, சிகிச்சை தொடங்கியதிலிருந்து 3 ஆண்டுகள்தான். 5 வயதில் கீமோ எடுத்த சிறுமிக்கு 25 வயதில் பிரசவம் பார்க்கும் மருத்துவர், அவள் இதயத்தைப் பற்றிக் கேட்பார். அன்று தேடினால் கிடைக்குமா?

விட்டுப்போன படிப்புக்கும் வழி உண்டு. 6 முதல் 14 வயதுப் பிள்ளையை வயதுக்கேற்ற வகுப்பில் சேர்த்து, தனிப் பயிற்சியும் தர வேண்டும் என்கிறது 2009 கல்வி உரிமைச் சட்டம். கால் அகற்றப்பட்டோ கேட்கும் திறன் குறைந்தோ 40 சதவீதமோ அதற்கு மேலோ ஊனம் இருந்தால், மாற்றுத்திறனாளி சான்றிதழுக்கு விண்ணப்பிக்கலாம். 18 வயதுவரை இலவசக் கல்வி, அரசு வேலையில் இடஒதுக்கீடு ஆகியவற்றுக்கு அது கதவு திறக்கும்.

என்ன செய்யலாம்?

நோயின் பெயர், மருந்துகளின் மொத்த அளவு, கதிர்வீச்சு வைத்த இடமும் அளவும், செய்த அறுவை சிகிச்சை, இனிச் செய்ய வேண்டிய பரிசோதனைகள். இவை அடங்கிய சிகிச்சைச் சுருக்கத்தை மருத்துவரிடம் எழுதி வாங்குங்கள். போனில் படம் எடுத்தும் வையுங்கள். இதய எக்கோ, காது, ஹார்மோன் பரிசோதனைகளில் உங்கள் பிள்ளைக்கு எது, எத்தனை வருடத்துக்கு ஒருமுறை என்று கேளுங்கள்.

செலவுக்கு, தகுதியுள்ள குடும்பங்களுக்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் இருக்கிறது. சிகிச்சைக்கோ செக்கப்புக்கோ ரயிலில் வந்தால், மருத்துவமனைச் சான்றிதழுடன் நோயாளிக்கும் துணைக்கு வருபவருக்கும் கட்டணச் சலுகை உண்டு. தனியார் காப்பீடு எடுக்கையில் பழைய நோயை மறைக்காதீர்கள். நியாயமின்றிக் க்ளெய்மை மறுத்தால் நிறுவனத்திடம் எழுத்தில் முறையிடுங்கள். தீராவிட்டால் காப்பீட்டு குறைதீர்ப்பாளரிடம் போகலாம். கட்டணம் கிடையாது.

சுற்றியிருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை: புற்றுநோய் தொற்றாது. குழந்தைப் புற்றுநோய்களில் ஏறத்தாழ பத்தில் ஒன்றுக்குத்தான் மரபணுக் காரணம். குணமான பிள்ளையைப் பக்கத்தில் உட்கார வைக்கவும், வேலைக்கு எடுக்கவும், மணம் பேசவும் தயங்குவது அநியாயம்.

பெற்றோரே, அந்த ஃபைலை இன்றே பரணிலிருந்து இறக்குங்கள். பிள்ளை வளர்ந்ததும், எல்லாவற்றையும் விளக்கிச் சொல்லி அவர் கையிலேயே ஒப்படையுங்கள்.